பாய்மரத்தில் தனியாக உலகம் சுற்றியவர்களின் உண்மைக் கதைகள் ஏன் இவ்வளவு இழுக்கின்றன?

புயலுக்காகத்தான் படிக்கிறோம் என்று பலர் சொல்வார்கள். என்னை இழுப்பது ரிப்பேர் வேலைதான்.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூனில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி 1969 ஏப்ரலில் திரும்பினார். அப்படிச் சுற்றிய முதல் மனிதர் அவர். படகு 'சுஹைலி', நம் பம்பாயில் தேக்கில் கட்டியது. அட்லாண்டிக்கிலேயே பலகை இடுக்கில் தண்ணீர் ஏற ஆரம்பித்துவிட்டது. மனுஷன் நடுக்கடலில் குதித்து, மூச்சடக்கி இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே கான்வாஸும் செம்புத் தகடும் வைத்து அடித்தார். சுறா வேறு சுற்றியது! பாம்பன் பக்கம் வத்தைப் படகைக் கரையேற்றி, இடுக்குக்குப் பஞ்சு அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தரையில் உட்கார்ந்து செய்தாலே அது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

அப்புறம், உண்மைக் கதையில் மனிதர்கள் எதிர்பாராததைச் செய்கிறார்கள். நம் கடற்படையின் அபிலாஷ் டோமிக்கு 2018-ல், தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில் பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பில் பலத்த அடி. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியிலிருந்து மீட்டு வந்தார்கள். 2022-ல் அதே போட்டிக்கு மறுபடி போய், இரண்டாவதாக வந்தார். கற்பனைக் கதையில் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம். கச்சான் காற்று அடித்துக் கடலுக்குப் போகாத நாட்களில் படியுங்கள், பக்கத்தில் ஒரு உலக வரைபடத்தோடு.