கக்கன் என்ன செய்தார்?

அன்புள்ள ஐயா,

கக்கன் பிறந்தநாளன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வழக்கம்போல அந்தச் செய்தி வந்தது. முன்னாள் அமைச்சர் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தார், எம்.ஜி.ஆர். பார்த்துக் கலங்கினார் என்று. பிளஸ் டூ படிக்கும் மகள் கேட்டாள்: "சரிப்பா, மந்திரியா இருந்து அவர் என்ன செஞ்சார்?" பக்கத்து ஊர்க்காரன் நான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மேலூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் கேட்டதுதான் சரியான கேள்வி. கக்கன் என்று பேச்செடுத்தாலே நாம் அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகே போய் நின்றுவிடுகிறோம். ஏழையாகவே இறந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அதையே சொல்லிச் சொல்லி, பத்து வருடம் அமைச்சராக அவர் பார்த்த வேலையை மறந்துவிட்டோம்.

1908-ல் தும்பைப்பட்டியில் பிறந்தவர். அப்பா கோயில் பூசாரி. 1939-ல் மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன ஒடுக்கப்பட்ட மக்களில் இவரும் ஒருவர். அப்புறம் அரசியல் நிர்ணய சபை, 1952-ல் எம்.பி., 1957-ல் மேலூர் எம்.எல்.ஏ. அந்த வருடமே காமராஜர் அவரிடம் பொதுப்பணித் துறையைக் கொடுத்தார். ஊர்க் கிணற்றில் வாளி போட விடாத சமூகத்திலிருந்து வந்தவர் கையில் மாநிலத்தின் அணைகளும் கால்வாய்களும்!

1959 ஜனவரியில் வைகை அணை திறக்கப்பட்டது. வேலை அவருக்கு முன்பே தொடங்கியதுதான். முடித்துத் திறந்தபோது துறை அவரிடம் இருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் அதற்கு முன்பும் மலையைக் குடைந்து வந்துகொண்டுதான் இருந்தது. வைகையில் அதைத் தேக்கிவைத்து, பயிருக்கு வேண்டும்போது விடத்தான் இடமில்லாமல் இருந்தது.

அந்தத் தண்ணீர் வரும் பெரியாறு கால்வாயில் கள்ளந்திரி வரை இருபோகம், அதற்கப்பால் மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்பது உங்களுக்கே தெரியும். என் பெரியப்பா கடைமடைக்காரர். காலையில் பேப்பரை விரித்தால், வைகை அணையின் முழு அளவான 71 அடியில் இன்று எத்தனை அடி என்றுதான் முதலில் பார்ப்பார். கால்வாயில் முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பிடி நெல்லைத் தூவிக் கும்பிடுவார்.

இன்னொன்றையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1963-ல் உள்துறை அவரிடம் வந்தது. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் மதுரையிலேயே கலவரம் மூண்டது. மாநிலத்தில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு, மாணவர்களும் செத்தார்கள். போலீஸ் அவர் துறை. அவர் நல்லவர் என்பதால் அந்தப் பொறுப்பு குறைந்துவிடாது. எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

1967-ல் தோற்றார், விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது. 1981-ல் இறந்தார்.

மகளைத் தும்பைப்பட்டி மணிமண்டபத்துக்குக் கூட்டிப்போங்கள். அப்படியே இன்னொரு நாள் கள்ளந்திரி மதகுக்கும். தண்ணீர் விட்டிருக்கும் மாதமாகப் பார்த்துப் போங்கள்.