மூத்த ஆசிரியர்களை நல்ல வழிகாட்டிகளாக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் பள்ளியில் நீண்ட அனுபவமுள்ள ஐந்து ஆசிரியர்களைப் புதியவர்களுக்கு வழிகாட்டிகளாகப் போட்டிருக்கிறேன். இரண்டு நாள் பயிற்சியும் கொடுத்தாயிற்று. "சொன்னால் கேட்பதில்லை" என்கிறார்கள் மூத்தவர்கள். "குறை மட்டும்தான் சொல்கிறார்கள்" என்கிறார்கள் இளையவர்கள். மூத்தவர்களுக்கு வேறு எப்படிப் பயிற்சி கொடுப்பது?
- ஒரு தலைமை ஆசிரியர்

பதில்: வகுப்பு நடத்துவது ஒரு திறமை. இன்னொருவர் நடத்துவதைப் பார்த்துவிட்டு அவருக்குப் பயன்படும்படி பேசுவது வேறொரு திறமை, அதை உங்கள் ஐவருக்கும் இதுவரை யாரும் சொல்லித்தரவில்லை. உட்காரவைத்துப் பேசிய இரண்டு நாளை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். பயிற்சி வகுப்பில் கேட்டது மட்டும் வகுப்பறைக்குள் போய்ச் சேராது, செய்துபார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து உதவினால்தான் அது பழக்கமாகும் என்று கல்வி ஆய்வாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். வழிகாட்டிகளுக்கும் அதேதான்.

அனுபவசாலிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பல வருடம் செய்த வேலை கைப்பழக்கமாகிவிடுவதால், தான் என்ன செய்கிறோம் என்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாதன், பெட்ரோசினோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்களில் கணிதத்தில் ஆழ்ந்த அறிவுள்ளவர்கள், மாணவர்களுக்குச் சமன்பாடுதான் எளிது, வாக்கியக் கணக்கு கடினம் என்று கணித்தார்கள். மாணவர்கள் செய்துகாட்டியது நேர்மாறு. தனக்குச் சுலபமானது எல்லோருக்கும் சுலபம் என்று தோன்றுகிற இதே பிழைதான் "வகுப்பைக் கட்டுக்குள் வைங்க" என்று ஒரு வரியில் முடிந்துபோகிற அறிவுரையிலும் இருக்கிறது. புதியவருக்குத் தெரியாததே அதை எப்படிச் செய்வது என்பதுதானே!

அதனால் முதலில் மூத்தவர்களின் வகுப்பிலிருந்தே ஆரம்பியுங்கள். ஒருவர் தன் பாடத்தைப் பத்து நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு வரட்டும், ஐவரும் சேர்ந்து பார்க்கட்டும். ஒரே விதி: பார்த்ததையும் கேட்டதையும் மட்டும்தான் எழுத வேண்டும். "மாணவர் பங்கேற்பு குறைவு" என்பது தீர்ப்பு. "ஒன்பது கேள்வி கேட்டார், ஏழுக்கு முன்வரிசைதான் பதில் சொன்னது" என்பது தகவல். இந்த வித்தியாசம் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும், ஆனால் பழகச் சில வாரம் பிடிக்கும். தகவலோடு போகிறவரிடம் இளையவர் வாதாட வேண்டியதில்லை, இருவரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம். தன்னுடைய வகுப்பை நாலு பேர் பார்க்கும்போது எப்படி இருக்கும் என்பதும் மூத்தவர்களுக்குப் புரிந்துவிடும், அதற்காகவே இதை முதலில் வைக்கச் சொல்கிறேன்.

அடுத்தது பேச்சு. இதை ஒத்திகை பார்க்காமல் யாருக்கும் வராது. ஒருவர் இளையவராக நடிக்க, இன்னொருவர் பேச, மூன்றாமவர் கவனிக்க, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். முதலில் அவரையே கேட்பது ("எந்த இடத்தில் பிள்ளைகள் உங்களோடு இல்லை என்று தோன்றியது?"), பதில் வரும்வரை பொறுப்பது, பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் சேர்ந்து தேர்ந்தெடுப்பது. ஆறு குறை கண்ணில் பட்டாலும் ஒன்றுதான். உதாரணமாக, கேள்வி கேட்டபின் காத்திருக்கும் நேரம். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக்கினால் மாணவர்களின் பதில்கள் நீள்கின்றன, தாமாக முன்வந்து பேசுகிறவர்களும் கூடுகிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் காட்டினார். இந்த வாரம் அதை மட்டும் செய்துபாருங்கள், அடுத்த வாரம் நான் வந்து அதை மட்டும் பார்க்கிறேன் என்று சொன்னால், அது செய்யக்கூடிய வேலை.

இனி உங்கள் பங்கு. வழிகாட்டியைக் கூப்பிட்டு "அந்தப் புது டீச்சர் எப்படி?" என்று கேட்காதீர்கள். ஒரு தடவை கேட்டாலும் அது ஸ்டாஃப் ரூமுக்குத் தெரிந்துவிடும், அதற்குப் பிறகு எந்த இளையவரும் தன் தடுமாற்றத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். மதிப்பீடு உங்கள் வேலை, அதை வழிகாட்டுதலோடு கலக்கவே கூடாது. நேரம் கொடுப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது: டைம்டேபிளில் இருவருக்கும் பொதுவாக வாரம் ஒரு காலி பீரியட் ஒதுக்க முடியாவிட்டால் இந்தத் திட்டத்தை ஆரம்பிக்கவே வேண்டாம் என்பேன். கிராஃப்டும் சக ஆய்வாளர்களும் 2018இல் அறுபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிப்பட்ட பயிற்சியால் கற்பித்தல் தெளிவாக மேம்பட்டிருந்தது, ஆனால் பெரிய அளவில் விரித்த திட்டங்களில் பலன் குறைந்திருந்தது. ஐந்து ஜோடியை ஒழுங்காக நடத்துங்கள், இப்போதைக்கு அது போதும்.

ஜோடி சேர்க்கும்போது பணிமூப்பைப் பார்க்காதீர்கள். இளையவர் எதில் தடுமாறுகிறாரோ அதில் தெளிவானவரைச் சேருங்கள், பாடமும் ஒன்றாக இருந்தால் ரொம்ப நல்லது.

ஜப்பானியப் பள்ளிகளில் நீண்ட காலமாக நடக்கும் பாட ஆய்வு முறையையும் பருவத்துக்கு ஒருமுறை முயலலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் மாணவர்களைக் கவனிப்பார்கள், பிறகு எல்லோரும் பேசித் திருத்துவார்கள். பாடம் எல்லோருக்கும் சொந்தம் என்பதால் விமர்சனம் ஒருவர் தலையில் விழுவதில்லை. முதல் தடவை மூத்தவர் ஒருவரே நடத்தட்டும்.

ஐவரில் ஒருவருக்கு இது ஒத்துவராமலும் போகலாம். அருமையாக வகுப்பெடுப்பார், ஆனால் அடுத்தவரைப் பேசவிட மாட்டார். அவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். புதியவர்கள் போய் உட்கார்ந்து பார்க்கும் வகுப்பாக அவருடைய வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பார்த்ததைப் பற்றி அவர்களோடு பேசும் வேலையை வேறொரு வழிகாட்டி செய்யட்டும்.