வீடு மாறும்போது தோட்டாக்களை எப்படி அனுப்புவது?

கேள்வி: பத்து வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுடும் மைதானத்துக்குப் போவது என் பழக்கம். அடுத்த மாதம் ஓஹயோ மாநிலம் கொலம்பஸுக்குக் குடிபோகிறோம். காரை கேரியர் லாரியில் ஏற்றிவிட்டு நாங்கள் விமானத்தில் போகிறோம். கையில் 12 கேஜ் ஷாட்கன் தோட்டா 100, 9 மி.மீ. தோட்டா 400, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் உதிரியாக .22 தோட்டாக்கள் இருக்கின்றன. மூவர்ஸ் ஏஜென்ட், "புத்தகப் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்கிறார். நண்பர் தபாலில் போடச் சொல்கிறார். கொலம்பஸில் எச்-1பி விசாவில் இருக்கும் என் சித்தப்பா மகன் பெயருக்கு முன்னாலேயே அனுப்பிவிடலாமா? எப்படிக் கட்ட வேண்டும்?

பதில்: முதலில் அந்த ஏஜென்ட் சொன்னதை மறந்துவிடுங்கள். உங்களிடம் போனில் இனிக்க இனிக்கப் பேசுபவர் பெரும்பாலும் புரோக்கர்தான். லாரியும் அவருடையதல்ல, டிரைவரும் அவர் ஆள் அல்ல. லாரிக்காரர்கள் ஏற்ற மறுக்கும் பொருட்களின் பட்டியலில் பெயின்ட், கேஸ் சிலிண்டரோடு தோட்டாவும் இருக்கும். அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது நீங்கள். வழியில் ஏதாவது ஆனால், "மறுத்த பொருளைச் சொல்லாமல் வைத்தது வாடிக்கையாளர்" என்று அவர் ஒதுங்கிவிடுவார். இருபது வருடமாக அபாயப் பொருள் பார்சல் வேலையில் இருக்கிறேன். "யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொன்ன ஒருவரும் பிரச்சினை வந்தபோது பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

கேரியர் லாரியில் போகும் காரின் டிக்கியில் வைப்பதும் இதே கதைதான். சொந்தக் காரில் சொந்த உபயோகத்துக்கு நீங்களே ஓட்டிக்கொண்டு போனால் மத்திய அரசின் அபாயப் பொருள் விதிகள் உங்களைத் தொடாது. அதே காரை இன்னொருவர் கூலிக்கு ஏற்றிப் போகும்போது அந்தச் சலுகை போய்விடும்.

தபால் கூடவே கூடாது. அமெரிக்க அஞ்சலில் தோட்டா தடைசெய்யப்பட்ட பொருள். ஒன்றானாலும் நூறானாலும், உள்நாடானாலும் வெளிநாடானாலும் பதில் ஒன்றுதான். அபராதம் சட்டப் புத்தகத்திலேயே ஒரு மீறலுக்கு 250 டாலரில் தொடங்கி ஒரு லட்சம் டாலர் வரை போகிறது.

அடுத்து உங்கள் தம்பி விஷயம். அவர் பெயருக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. அதை நம்பி இறங்க வேண்டாம். உங்களுக்கு உதவப் போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்காக அவருடைய விசாவே ஆட்டம் காணலாம். நம் ஆட்களிடம் இதை எத்தனை தடவை சொன்னாலும், "துப்பாக்கி இல்லையே, வெறும் தோட்டாதானே" என்கிறார்கள். சட்டத்தில் இரண்டும் ஒரே வரியில்தான் இருக்கின்றன.

சரி, அப்புறம் என்னதான் வழி? தனியார் பார்சல் நிறுவனம், அதுவும் தரைவழியில். தெருமுனைப் பார்சல் கடையில் வாங்க மாட்டார்கள். அபாயப் பொருள் ஒப்பந்தம் உள்ள கணக்கு வேண்டும். அது உங்களிடம் இருக்காது. உள்ளூரில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் பலரிடம் இருக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாக அனுப்பித் தருவார்கள். பெறுபவர் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும், நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வருகிற மாதிரி. உரிமம் இல்லாத ஒருவர் பெயருக்கு மாநிலம் விட்டு மாநிலம் போகும் பார்சலில் தோட்டா இருந்தால், பார்சல் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் சொல்லியாக வேண்டும். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கும் விதி இது. வாயால் சொன்னது கணக்கில் வராது.

கட்டுவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. தோட்டாவின் அடியில் நடுவே ஒரு சின்ன வட்டத் தகடு தெரிகிறதல்லவா, அதுதான் பிரைமர். துப்பாக்கியின் ஊசி அடிப்பது அதில்தான். வேறெந்தக் கூர்மையான பொருளும் அதில் மோதக் கூடாது என்பதுதான் விதியின் உயிர். அதனால் 9 மி.மீ. தோட்டாக்கள் கடையில் வாங்கிய உள்பெட்டியிலேயே, குழிகள் உள்ள தட்டோடு இருக்க வேண்டும். ஷாட்கன் தோட்டாவும் அதன் 25 தோட்டாப் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்த உள்பெட்டிகளை உறுதியான வெளிப்பெட்டியில் ஆடாமல் அடுக்கி, அடியிலும் மேலும் நன்றாக டேப் ஒட்ட வேண்டும். ஒரு பொதியின் மொத்த எடை 30 கிலோவைத் தாண்டக் கூடாது. உங்கள் சரக்கு மொத்தமே அதில் பாதிகூட வராது. கட்டி முடித்ததும் பெட்டியைத் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே எதுவும் நகர்கிற சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

ஒரு கிடங்கில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். குழந்தை டயாபர் வந்த பழைய அட்டைப்பெட்டியில் ஷாட்கன் தோட்டாவைப் போட்டு அனுப்பியிருந்தார்கள். கன்வேயர் வளைவில் அடிப்பாகம் பிய்ந்து, சிவப்பு பிளாஸ்டிக் தோட்டாக்கள் ஒவ்வொன்றாக உருண்டு வந்தன. அதில் ஒரு தோட்டா, இரண்டு ரோலர்களுக்கு நடுவே, பித்தளை அடி மேலே தெரிய, செருகி நின்றது. லைனை நிறுத்தி எல்லோரையும் வெளியேற்றினார்கள். வெடிக்கவில்லை. ஆனால் அதைக் கையால் எடுத்த பையனுக்கு வயது பத்தொன்பது இருக்கும்.

.22 தோட்டாவுக்கு மட்டும் விதியில் ஒரு விலக்கு உண்டு. இதைத் தப்பாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம், அதனால் விரிவாகவே சொல்கிறேன். .22 ரிம்ஃபயர் தோட்டாவை உள்பெட்டி இல்லாமல், உதிரியாக, உறுதியான வெளிப்பெட்டியில் போடலாம். அதில் நடுவில் பிரைமர் கிடையாது; தீப்பற்றும் மருந்து விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. ஆனால் பெயரில் 22 இருந்தால் போதாது. .223 இதில் சேராது, .22 ஹார்னெட் சேராது, .22-250 சேராது, மூன்றும் நடுவில் பிரைமர் உள்ளவை. .17 எச்எம்ஆர் ரிம்ஃபயர்தான், ஆனால் .22 அல்ல, அதுவும் சேராது. உங்கள் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அடியைப் பாருங்கள். வட்டத் தகடு தெரியாமல் வழவழவென்று இருந்தால் ரிம்ஃபயர். டப்பாவில் வேறு ரகம் ஒன்றிரண்டு கலந்திருந்தால் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இந்த விலக்கு பார்சலுக்கு மட்டும்தான். விமானத்தில் கொண்டுபோவதானால் .22-ம் பெட்டிக்குள்தான் இருக்க வேண்டும்.

லேபிள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். ஓஆர்எம்-டி என்ற பழைய குறி 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்துபோனது. இன்னும் அந்த ஸ்டிக்கரைச் சுருள் சுருளாக ஆன்லைனில் விற்கிறார்கள், கேட்பாரில்லை. இப்போது வேண்டியது 'லிமிடெட் குவான்டிட்டி' (குறைந்த அளவு அபாயப் பொருள்) குறி: முனையில் நிற்கும் சதுரம், மேலும் கீழும் கறுப்பு, நடுவில் வெள்ளை, பக்கம் 10 செ.மீ. நடுவில் ஒய் எழுத்து உள்ளது விமானப் பொதிக்கானது, அதை ஒட்டாதீர்கள். போக்குவரத்துத் துறை, துப்பாக்கித் துறை, அஞ்சல் துறை என்று மூன்று துறைகள் மூன்று இடத்தில் எழுதி வைத்திருக்கின்றன. ஒரு சாதாரண மனிதன் ஒரே பக்கத்தில் படித்துப் புரிந்துகொள்கிற மாதிரி எழுத ஒருவருக்கும் மனம் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் பார்சலே அனுப்ப மாட்டேன். 100 ஷாட்கன் தோட்டா என்பது, ஒரு ரவுண்டு ஆட்டத்துக்கு 25 என்று, நான்கு ரவுண்டு. கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தீர்ந்துவிடும். மீதியை விமானத்தில், செக்-இன் பெட்டியில், தோட்டாவுக்கென்றே செய்த பெட்டிக்குள் வைத்து, கவுன்டரில் சொல்லிவிட்டுக் கொண்டுபோகலாம். பல விமான நிறுவனங்களில் ஒருவருக்கு 5 கிலோ வரம்பு. 9 மி.மீ. 400-ம் பெட்டியோடு சேர்த்தால் அந்த வரம்பை ஒட்டியே வரும், எடை போட்டுப் பாருங்கள். மனைவியின் பங்கு அவர் பெட்டியில் தனியாக இருக்க வேண்டும், இருவர் பங்கையும் ஒன்றில் போடக் கூடாது.

மைதானத்துக்குக் கொண்டுபோகும் அந்தப் பையைக் கைப்பையாக எடுத்துவர நினைத்தால், அது வேண்டாம். பக்கவாட்டு ஜிப்பில் மறந்த ஒரே ஒரு தோட்டா ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். ஹூஸ்டனில் அது அபராதம் வரை போகலாம். அதே பையோடு அடுத்த விடுமுறைக்குச் சென்னை போனால், திரும்பும்போது அங்கே விமான நிலையத்தில் போலீஸ், ஆயுதச் சட்ட வழக்கு, வக்கீல் என்று விடுமுறையே போய்விடும். பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்து, எல்லா ஜிப்பையும் திறந்து, பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறுங்கள். உள்துணியில் கிழிசல் இருந்தால் அதற்குள்ளும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.