360-க்கு எத்தனை காரணிகள்? பட்டியலிடாமல் அறிவது எப்படி?

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் மிகை முழு எண்களே அதன் காரணிகள். அவற்றின் எண்ணிக்கையை அறிய, எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் போதும்: 360 = 2³ × 3² × 5. இதன் எந்தக் காரணியிலும் 2 என்பது 0, 1, 2 அல்லது 3 முறை என நான்கு விதமாகவும், 3 மூன்று விதமாகவும், 5 இரண்டு விதமாகவும் இடம்பெறலாம். நான்கு சட்டை, மூன்று வேட்டி, இரண்டு துண்டு வைத்திருப்பவர் 4 × 3 × 2 = 24 விதமாக உடுத்தலாம் அல்லவா, அதே கணக்குத்தான் இங்கும். எந்த எண்ணுக்கும் பகாக் காரணிப் பிரிப்பு ஒரே விதமாகத்தான் அமையும் என்பதால் ஒரு காரணி இருமுறை எண்ணப்படுவதில்லை; இம்முறையின் உயிர்நாடியே அதுதான். பலர் அடுக்குகளை மட்டும் பெருக்கி 3 × 2 × 1 = 6 என்று விடை சொல்கிறார்கள்; ஒரு பகா எண்ணை அறவே சேர்க்காமல் விடுவதும் ஒரு தேர்வு என்பதால்தான் ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிய பிறகே பெருக்க வேண்டும்.