கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கலாம்

கேள்வி: ஐயா, சுங்கை பாக்காப் அருகே செம்பனைத் தோட்டத்து ஓரமாகக் குடியிருக்கிறோம். ஒளியிழை எங்கள் பாதைக்கு வரவில்லை. பழைய தொலைபேசிக் கம்பியில்தான் இணையம். 4 மெகாபிட்டுக்குப் பணம் கட்டுகிறோம், மோடம் காட்டுவதோ 1.8. இரவானால் அதுவும் அறுந்து அறுந்து வருகிறது. எஸ்பிஎம் எழுதப்போகும் மகள் பாடக் காணொளி பார்க்க முடியாமல் தவிக்கிறாள். சோதிக்க வந்தவர், "வெகு தூரத்தில் இருக்கிறீர்கள், ஒன்றும் செய்வதற்கில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மோடத்தில் அட்டெனுவேஷன் 48, நாய்ஸ் மார்ஜின் 5 என்று இருக்கிறது. புது மோடம் வாங்கலாமா?
— ஒரு தாயார், சுங்கை பாக்காப்

பதில்: வாங்க வேண்டாம், சகோதரி. அந்த இரண்டு எண்களையும் எழுதி அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

அட்டெனுவேஷன் என்பது, தொலைபேசி நிலையத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் சமிக்ஞை எவ்வளவு தேய்ந்துபோகிறது என்பதன் கணக்கு. செப்புக் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் தேயும். 48 என்றால் கம்பி ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர் நீளம். நாய்ஸ் மார்ஜின் என்பது, கம்பியில் இருக்கும் இரைச்சலைத் தாங்குவதற்குச் சமிக்ஞைக்கு எவ்வளவு இடைவெளி மிச்சம் இருக்கிறது என்பதன் கணக்கு. தொலைபேசிக் கம்பியில் இணையம் ஓட்டும் ஏடிஎஸ்எல்2+ முறையில் நிலையத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் 24 மெகாபிட் உங்களுக்குக் கிடைக்காது, உண்மைதான். ஆனால் கம்பி நல்ல நிலையில் இருந்தால் இந்தத் தூரத்தில் 4 வரவேண்டும். ஆகவே தூரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போனதை நான் ஏற்கமாட்டேன். நானும் கம்பி வேலை பார்த்தவன்தான். வீட்டுக்குள் வந்து ஒரு திருகாணியைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் அப்படிச் சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேலை செய்யுங்கள். கம்பி வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக முன்வாசல் பக்கம் இருக்கும். வீட்டிலுள்ள மற்ற தொலைபேசிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மோடத்தை அந்தப் பெட்டியிலேயே குட்டைக் கம்பியால் நேராகச் செருகி, வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் ஏறினால் குற்றம் உங்கள் வீட்டுக்குள்ளேதான்.

நிபோங் தெபாலில் என் தங்கை வீட்டில் இதுதான் நடந்தது. முன்னறையிலிருந்து பின்னறைக்குத் தட்டைக் கம்பியைச் சமையலறை வழியாக, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஆணியடித்து இழுத்திருந்தார்கள். நடுவில் ஒரு கிளை எங்கோ போய்ச் சும்மா முடிந்திருந்தது. சும்மா கிடக்கும் கிளையும் கெடுதல்தான். சமிக்ஞை அதன் முனை வரை போய்த் திரும்பி வந்து குழப்பும். சுவர்ப் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை ஓடு இரண்டு, திருகாணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கம்பி நுனியை நறுக்கி, பளபளவென்று செம்பு தெரியும் வரை சுரண்டி மீண்டும் முடுக்கினேன். கிளையை வெட்டினேன். மோடத்தை முன்னறைக்கு மாற்றினேன். 1.2 ஆக இருந்தது அன்று மாலையே 3ஐத் தாண்டியது. (பெட்டியைத் திறக்கும்போது வெளிக்கம்பியைத் தொடாதீர்கள், யாராவது அழைத்தால் மணியடிக்கும் மின்சாரம் சுருக்கென்று அடிக்கும். வெளிச்சுவரில் இருக்கும் நிறுவனத்தின் பெட்டியில் கை வைக்கவே வேண்டாம்.)

மோடத்தைத் தவிர எத்தனை தொலைபேசிகள் இருக்கின்றனவோ, அத்தனைக்கும் ஃபில்டர் (பேச்சையும் இணையத்தையும் பிரிக்கும் சிறு பெட்டி) வேண்டும். ஒன்றில் விட்டுப்போயிருந்தாலும், ரிசீவரை எடுத்தவுடன் இணையம் அறுந்துவிடும்.

முதல் பெட்டியிலும் வேகம் ஏறவில்லையா? கம்பித் தொலைபேசியை எடுத்து, ஏதாவது ஓர் எண்ணை அழுத்துங்கள். டயல் ஓசை நின்று அமைதியாகும். அந்த அமைதியில் கரகரவென்று சத்தம் கேட்டால், அதிலும் மழை பெய்த மறுநாள் கேட்டால், வெளியே ஏதோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புகார் கொடுக்கும்போது "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள், "தொலைபேசியில் கரகரப்பு" என்று சொல்லுங்கள். முன்னதற்குத் தூரத்தைக் காரணம் காட்டலாம், பின்னதைக் கோளாறு என்று ஒப்புக்கொண்டுதான் ஆகவேண்டும். அப்படியும் அசையாவிட்டால் புகார் எண்ணோடு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு எழுதுங்கள்.

இரவில் அறுவதற்குக் காரணம் வேறு. மத்திய அலை வானொலி ஓடும் அதே அலைவரிசையில்தான் உங்கள் இணையமும் கம்பியில் ஓடுகிறது. இரவில் தூரத்து நிலையங்கள் வலுவாக வரும். போதாதற்கு வீட்டு விளக்குகளும் எரியும். பழைய டிரான்சிஸ்டர் வானொலி இருந்தால் 612 கிலோஹெர்ட்ஸ் பக்கம், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்து, விளக்கு விளக்காகக் கொண்டு போங்கள். எங்கே இரைச்சல் கூடுகிறதோ அந்த விளக்கு அல்லது சார்ஜர்தான் திருடன். அதுவரை ஒரு கைவைத்தியம்: இரவு ஒன்பது மணிக்கு மோடத்தை ஒரே ஒரு முறை அணைத்துப் போடுங்கள். இரைச்சலை அளந்துதான் அது தன் வேகத்தை வைத்துக்கொள்கிறது. பகலின் அமைதியில் அளந்த வேகத்தை இரவில் தாங்க முடியாமல் விழுகிறது. இரவிலேயே அளந்தால் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டு நிலைத்து நிற்கும். மகளுக்கு அறாத 1.6, அறுந்துபோகும் 1.8ஐவிட உதவும்.

கேள்வி: இடி இடித்து இரண்டு மோடம் போய்விட்டன. மின்சாரப் பக்கம் காப்பு பிளக் போட்டிருக்கிறேன், பிறகும் ஏன்?
— ஒரு வாசகர், பாலிக் பூலாவ்

பதில்: இடி வந்தது தொலைபேசிக் கம்பி வழியாக, ஐயா. வானம் இருண்டதும் மின்சார பிளக்கோடு தொலைபேசிக் கம்பியையும் உருவிவிடுங்கள். தொலைபேசிக்கும் சேர்த்துக் காப்புத் தரும் பிளக்குகள் உண்டு, ஆனால் மலிவானவை சில இணைய வேகத்தைத் தின்றுவிடும். வாங்கினால் அதைப் போட்டும் போடாமலும் மோடத்தின் எண்ணைப் பாருங்கள். குறைந்தால் அன்றே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.