பௌதிகவியல் துறையில் விருதும் கௌரவமும்: வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையொன்றில் நெடுங்காலம் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். துறையின் விருதுத் தெரிவுக் குழுவிலும் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய இடங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு அந்த அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

பம்பைமடு, இறுதியாண்டு மாணவர்: சேர், "தகைசார் பேராசிரியர்" என்பது பதவியா, விருதா? பேராசிரியராக ஓய்வு பெற்ற எல்லோருக்கும் அது கிடைக்குமா?

அது கௌரவம், சம்பளமுள்ள பதவியன்று. ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவருடைய பணியை ஆராய்ந்து மூதவை (பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களுக்கான சபை) பரிந்துரைக்க, பேரவை (அதன் ஆளும் சபை) அதை வழங்கும். ஓய்வு பெற்றவுடன் தானாக வந்து சேர்வதில்லை. கௌரவ கலாநிதிப் பட்டமும் மூதவை, பேரவை என்ற இதே வழியிலேயே வருகிறது. ஆனால் அது அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளேனும் படித்திராதவருக்கும், படிப்பித்திராதவருக்கும் வழங்கப்படலாம்.

கிளிநொச்சி, தொழில்நுட்ப உத்தியோகத்தர்: ஐயா, விரிவுரையாளர்களுக்கு ஆராய்ச்சி விருது இருக்கிறது, மாணவர்களுக்குத் தங்கப் பதக்கம் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் இருபது வருடம் நிற்கின்ற எங்களுக்கு என்ன இருக்கிறது?

நீண்ட சேவைக்கான சான்றிதழும் பிரியாவிடை விருந்தும்தான் பெரும்பாலான இடங்களில் இருக்கின்றன. அது போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேவைக் காலம் என்பது ஒருவர் எத்தனை ஆண்டுகள் இருந்தார் என்பதைச் சொல்லுமே தவிர, என்ன செய்தார் என்பதைச் சொல்லாது.

பௌதிகவியலின் வரலாற்றில் உங்கள் வேலைக்கு உள்ள இடம் பெரியது. 1897இல் இலத்திரனைக் கண்டறிந்த ஜே. ஜே. தொம்சன் கையால் கருவிகளைக் கையாளுவதில் திறமை குறைந்தவர். அவருடைய கதோட்டுக் கதிர்க் குழாய்களைக் கண்ணாடி ஊதிச் செய்து கொடுத்தவர் எபனேசர் எவரெட் என்ற ஆய்வுகூட உதவியாளர். கதிரியக்கப் பொருட்கள் வெளிவிடும் அல்பா துணிக்கை உண்மையில் ஈலியமே என்பதை 1909இல் ரதர்போர்டும் ரொய்ட்சும் நிறுவியபோது, அந்தப் பரிசோதனை முழுவதும் ஒரு கண்ணாடிக் குழாயின் சுவரிலேயே தங்கியிருந்தது. அல்பா துணிக்கைகள் ஊடுருவிச் செல்லக்கூடிய அளவுக்கு அது மெல்லியதாக இருக்கவேண்டும். அதேவேளை வாயு கசியாதபடி உறுதியாகவும் இருக்கவேண்டும். மில்லிமீற்றரின் நூறிலொரு பங்குக்கும் குறைந்த தடிப்பில் அதை ஊதிக் கொடுத்தவர் மான்செஸ்டரில் இருந்த கண்ணாடித் தொழிலாளி ஒட்டோ பௌம்பாக். பிரித்தானியாவின் பௌதிகவியல் நிறுவகம் இன்று தொழில்நுட்பவியலாளருக்கென்றே தனி விருதொன்றை வழங்குகிறது. நமது துறைகளிலும் அப்படியொன்று வரவேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

இந்த விடயத்தில் நானும் தவறியிருக்கிறேன். எங்கள் துறையில் இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைப் பல்கலைக்கழக மட்டத்திலான விருதுக்கு ஒருமுறை முன்மொழிந்தேன். "நேர்மையானவர், கடின உழைப்பாளி, எல்லோருடனும் அன்பாகப் பழகுபவர்" என்று ஒரு பந்தி மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஆதாரம் இல்லை என்று குழு அதைத் திருப்பி அனுப்பியது. அது சரியான முடிவுதான். அவர் ஓய்வு பெற்றுச் சென்ற பின்னர், நிறமாலைமானிகள் வைக்கும் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒற்றைக்கோட்டுக் கொப்பியொன்று கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் திகதியும் கருவியின் இலக்கமும் இருந்தன. "3ஆம் இலக்கக் கல்வனோமானி. தொங்கு கம்பி அறுந்தது. கழித்த கருவியிலிருந்து எடுத்து மாற்றியது. பூச்சியத்தில் நிற்கிறது." கல்வனோமானி என்பது மிகச் சிறிய மின்னோட்டத்தைக் காட்டும் கருவி. தலைமயிரை விட மெல்லிய கம்பியைப் பற்றவைத்த வேலையை அவர் நான்கே வரிகளில் எழுதி வைத்திருந்தார். புதிய கருவி வாங்க வழியில்லாத ஆண்டுகளில் எத்தனையோ தொகுதி மாணவர்கள் அந்தக் கல்வனோமானிகளிலேயே வாசிப்பு எடுத்தார்கள். அந்தக் கொப்பியில் இரண்டு பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்திருந்தால் என் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். எதைத் திருத்தினீர்கள், எதைப் புதிதாகச் செய்தீர்கள் என்பதைத் திகதியுடன் எழுதி வையுங்கள். உங்கள் துறைத்தலைவரிடமும் அதைக் காட்டி வையுங்கள்.

வவுனியா, தகுதிகாண் விரிவுரையாளர்: அப்படியானால் முன்மொழிவுக் கடிதம் எப்படி இருக்கவேண்டும்? யார் எழுதவேண்டும்?

வேலையை அருகிலிருந்து பார்த்தவர் எழுதவேண்டும். பதவியால் பெரியவர் எழுதினால் எடுபடும் என்று நினைத்துப் பீடாதிபதியிடம் ஓடுகிறோம். அவருக்கோ அந்த மனிதர் செய்த வேலையின் விபரம் தெரியாது. அதனால் பொதுவான புகழுரை மட்டுமே வருகிறது. "சிறந்த ஆசிரியர்" என்று எழுதினால் குழுவிலுள்ளவரின் கண் அதில் நிற்காது. "இரண்டாம் ஆண்டு ஒளியியல் செய்முறையில், மாணவர் முதலில் எதிர்வுகூறலை எழுதிவிட்டே கருவியைத் தொடவேண்டும் என்ற முறையைக் கொண்டுவந்தார், அதன் பின்னர் மாணவரின் செய்முறை அறிக்கைகளில் வழுக் கணிப்பு தவறாமல் இடம்பெறத் தொடங்கியது, மாதிரிக்கு இரண்டு அறிக்கைகள் இணைக்கப்பட்டுள்ளன" என்று எழுதினால் நிற்கும். விருதின் விதியில் உள்ள தகைமைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆதாரம் காட்டுங்கள். ஒன்றுக்கு ஆதாரம் இல்லையென்றால், அதைப் பற்றிச் சோடித்து எழுதாமல் விட்டுவிடுங்கள்.

அதே விரிவுரையாளர்: இலங்கையில் பௌதிகவியலாளர் ஒருவர் எவ்வெவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்? தன்னைத் தானே முன்மொழிவது வெட்கக்கேடு என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வெட்கப்பட எதுவுமில்லை, விதி இடம் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி. தேசிய ஆராய்ச்சிப் பேரவையின் ஊடாக வழங்கப்படும் ஜனாதிபதி விருது, அங்கீகரிக்கப்பட்ட சர்வதேச சஞ்சிகைகளில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு ஆய்வாளரே விபரங்களைச் சமர்ப்பிக்கவேண்டும். பட்டப்பின் ஆய்வு மாணவரை வழிநடத்திப் பட்டம் பெறச்செய்த மேற்பார்வையாளருக்குத் தேசிய விஞ்ஞான மன்றம் விருது வழங்குகிறது. நம்மவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். துணைவேந்தர்கள், பணிப்பாளர்கள் குழுவின் ஆய்வு விருதுகளில் இளம் ஆய்வாளருக்கும் இடமுண்டு. நாட்டின் அதியுயர் விஞ்ஞானக் கௌரவமான வித்யாஜோதியும் அடுத்த நிலையில் உள்ள வித்யாநிதியும் வாழ்நாட் பணிக்கானவை. இப்போதே அவற்றைப் பற்றி யோசிக்கவேண்டாம். 1944இல் தொடங்கப்பட்ட இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வில் ஒரு கட்டுரை வாசிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

நோபல் பரிசு இதற்கு நேர்மாறானது. அங்கே தன்னைத் தானே முன்மொழிய முடியாது. யார் யாரை முன்மொழிந்தார் என்ற விபரத்தையும் 50 ஆண்டுகளுக்கு வெளியிடமாட்டார்கள்.

ரொறன்ரோ, வவுனியாவைச் சேர்ந்த பழைய மாணவர்: காலஞ்சென்ற என் தந்தையார் பெயரில், பௌதிகவியலில் முதலாவதாக வரும் மாணவருக்குத் தங்கப் பதக்கம் வழங்க விரும்புகிறேன். பணத்தை யாரிடம் கொடுப்பது?

எந்தத் தனி மனிதரிடமும் கொடுக்கவேண்டாம், துறைத்தலைவரிடமும் கூடாது. துறையின் ஊடாக எழுத்தில் கோரிக்கை விடுங்கள். அது பீடச் சபைக்கும், மூதவைக்கும், பேரவைக்கும் போய் ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னர், பல்கலைக்கழகத்தின் கணக்கில் நிதியமாக வைப்பிலிடுவார்கள். முதற்பணம் கைபடாமல் இருக்கும். அதன் வட்டியிலிருந்தே ஆண்டுதோறும் பதக்கம் செய்யப்படும்.

சிக்கல் அந்த வட்டியில்தான் வரும். 5 இலட்சம் ரூபாவை 10 வீத வட்டியில் வைத்தால் ஆண்டுக்கு 50,000 ரூபா கிடைக்கும். ஒரு பவுண் என்பது 8 கிராம். 2022இல் ரூபா சரிந்து ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கும் மேலே போனபோது, தங்கத்தின் விலை எங்கே போனது என்பது கலியாண வீட்டுக்காரர் எல்லோருக்கும் தெரியும். அன்று தாராளமாகத் தோன்றிய நிதியம் இன்று அரைப் பவுணுக்கும் காணாது. ஆகவே விதியை எழுதும்போதே, "வட்டி போதாத ஆண்டில் முலாம் பூசிய பதக்கமும் எஞ்சிய பணமும் வழங்கப்படும்" என்று சேர்த்துவிடுங்கள். வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் முதலுடன் சேர்க்கவேண்டும் என்றும் எழுதுங்கள். தகுதியானவர் இல்லாத ஆண்டில் பதக்கம் வழங்கப்படாது என்பதையும், இருவர் சமமாக வந்தால் என்ன செய்வது என்பதையும், பாடநெறியின் பெயர் மாறினால் யார் தீர்மானிப்பது என்பதையும் விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்ற தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நிறுவனமே மாறும்போது பழைய விதிகளை மீண்டும் எழுதவேண்டி வரும் என்பதற்கு வன்னியிலேயே உதாரணம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. முதலாவதாக வருபவருக்கு ஏற்கெனவே கைகொடுக்கப் பலர் இருப்பார்கள். உங்கள் தந்தையாரின் பெயரில் சிறந்த செய்முறைத் திறனுக்கோ, இறுதியாண்டு ஆய்வுச் செயற்றிட்டத்துக்கோ பரிசு ஏற்படுத்தினால், அதே பணம் இன்னும் தேவையான இடத்துக்குப் போகும். முடிவு உங்களுடையது.

முல்லைத்தீவு, பௌதிகவியல் ஆசிரியை: பழைய மாணவர் விருது என்றால் வெளிநாட்டில் பேராசிரியராக இருப்பவருக்கே போகிறது. உயர்தர வகுப்புக்குப் படிப்பிப்பவர்கள் பழைய மாணவர் இல்லையா?

இருக்கிறீர்கள், சகோதரி. இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்கு நன்றி. பழைய மாணவர் விருதுக்கு ஒரே பிரிவு மட்டும் வைத்தால், கட்டுரை எண்ணிக்கை அதிகமுள்ளவரே ஒவ்வொரு முறையும் வெல்வார். அது தெரிவுக் குழுவின் தவறன்று, விதியின் தவறு. ஆராய்ச்சி, பாடசாலைக் கற்பித்தல், தொழிற்றுறை என்று பிரித்துவிட்டால் ஒவ்வொருவரும் தத்தமது துறையினருடனேயே ஒப்பிடப்படுவார்கள். அமெரிக்காவில் பௌதிகவியல் ஆசிரியர் சங்கம் 1936 முதல் கற்பித்தலுக்கென்றே எர்ஸ்டெட் பதக்கத்தை வழங்கி வருகிறது.

வன்னியில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலி கேட்டோம். அதே டைனமோவை மேசையில் வைத்து மின்காந்தத் தூண்டலைப் படிப்பித்த ஆசிரியர்களும் இங்கே இருந்தார்கள். சில்லை வேகமாகச் சுற்றும்போது குமிழ் பிரகாசிப்பதையும், விளக்கை இணைத்தவுடன் பெடல் கனப்பதையும் கையால் உணர்ந்த பிள்ளைக்கு லென்சின் விதியை (தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் என்பதை) மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அந்தக் கற்பித்தலை எவரும் எந்த விருதுக்கும் முன்மொழியவில்லை. ஏனெனில் முன்மொழிவதற்குப் படிவமே இருக்கவில்லை. உங்கள் துறையின் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் இதை எழுத்து மூலமான பிரேரணையாக வையுங்கள்.

பரிசை எப்படிப் பயன்படுத்தலாம் என்பதற்கு ஜொசலின் பெல் பேர்னல் ஒரு நல்ல முன்மாதிரி. 1967இல் ஆய்வு மாணவியாக இருந்தபோது பல்சார்களின் (சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும் விண்மீன்களின்) சமிக்ஞையை முதலில் கவனித்தவர் அவரே. 1974இல் நோபல் பரிசு அவருடைய மேற்பார்வையாளர் ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. 2018இல் அவருக்கு 30 இலட்சம் டொலர் பெறுமதியான விசேட பரிசு கிடைத்தபோது, பௌதிகவியலில் குறைவாகவே இடம்பெறும் பிரிவினரைச் சேர்ந்த மாணவர்கள் கலாநிதிப் பட்டத்துக்குப் படிப்பதற்கென்று அதை முழுவதுமாகக் கொடுத்துவிட்டார்.

மன்னார், மாணவி: பெண்களுக்கு நோபல் கிடைப்பது அரிதாக இருப்பது ஏன்? கூட்டாகச் செய்த வேலையில் யாருக்குப் பெருமை?

பௌதிகவியலில் 2024 வரை ஐந்து பெண்களே பெற்றிருக்கிறார்கள்: மேரி கியூரி (1903), மரியா கெப்பர்ட் மேயர் (1963), டொனா ஸ்டிரிக்லண்ட் (2018), அன்ட்ரியா கெஸ் (2020), ஆன் லூயிலியே (2023). 1903இலும் முதலில் மேரியின் பெயர் விடுபட்டிருந்தது. அவரைச் சேர்க்கவேண்டும் என்று பியர் கியூரி எழுதிய பின்னரே சேர்க்கப்பட்டது. அணுக்கருப் பிளவை விளக்கிய லீசே மைட்னர் இரசாயனவியலிலும் பௌதிகவியலிலுமாக 40க்கும் மேற்பட்ட தடவை முன்மொழியப்பட்டும் பரிசு பெறவில்லை. முன்மொழிந்தால் மட்டும் போதாது என்பது உண்மை. முன்மொழியாவிட்டால் பெயர் மேசைக்கே வராது என்பதும் உண்மை.

கூட்டு வேலையைப் பொறுத்தவரை, நோபல் பரிசில் மூன்று பேருக்கு மேல் சேர்க்கமாட்டார்கள். ஈர்ப்பு அலைக்காக 2017இல் மூவர் பெற்றார்கள். ஆனால் அதே கண்டுபிடிப்புக்கு 2016இல் வழங்கப்பட்ட இன்னொரு சர்வதேசப் பரிசு, முன்னோடிகள் மூவருக்கு 10 இலட்சம் டொலரையும், ஏனைய 1,012 பங்களிப்பாளருக்கு 20 இலட்சம் டொலரையும் பகிர்ந்தளித்தது. எனக்கு இரண்டாவது முறையே நியாயமாகப் படுகிறது.

செட்டிகுளம், தந்தை: விரிவுரையாளராக இருக்கும் மகனுக்கு "சர்வதேச சிறந்த விஞ்ஞானி விருது" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் கேட்கிறார்கள்.

கட்ட வேண்டாம், ஐயா. முறையான விருது தெரிவானவரிடம் பணம் கேட்பதில்லை. தெரிவுக் குழுவில் யார் இருக்கிறார்கள், எந்தப் பணிக்காக விருது, முன்மொழிந்தவர் யார் என்று மகனைத் திருப்பிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அனேகமாகப் பதில் வராது.

வவுனியா, துறை அலுவலகப் பணியாளர்: விருது பெற்றோரின் பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதுகிறோம். பெயரும் ஆண்டும் போதுமா?

போதாது. பெயர், ஆண்டு, விருது ஆகியவற்றின் கீழே, எதற்காக வழங்கப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். விரிவுரையாளர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஆய்வுகூட உதவியாளர், பழைய மாணவர் எல்லோரையும் பதவி வாரியாகப் பிரிக்காமல் ஆண்டு வரிசையில் ஒரே பலகையில் போடுங்கள். பெயரின் எழுத்துகளை உரியவரிடமோ குடும்பத்தாரிடமோ காட்டிச் சரிபார்த்த பின்னரே பலகை எழுதுபவரிடம் கொடுங்கள். கீழே ஒரு முழம் வெறுமையாக விடுங்கள். வருகின்ற ஆண்டுகளுக்கு இடம் வேண்டும்.