சூடாகும் பிளக் பொயின்ற்றும் அணைத்த பின்னும் மினுங்கும் மின்குமிழும்

கேள்வி: எமது சமையலறையில் மின்கேத்தல் போடும் 13 அம்பியர் பிளக் பொயின்ற் சூடாகி, வலப்பக்கத் துளையைச் சுற்றிக் கறுத்துவிட்டது. புதியதொன்று வாங்கி வைத்திருக்கிறேன். பழைய சுவரில் சிவப்பு, கறுப்புக் கம்பிகளும் புதிதாகக் கட்டிய பகுதியில் மண்ணிற, நீலக் கம்பிகளும் உள்ளன. நானே மாற்றலாமா, ஐயா? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: சகோதரி, பொயின்ற்றை மாற்றுவதற்கு முன் அது ஏன் கறுத்தது என்பதை அறிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் புதியதும் கறுத்துவிடும். முன்புறமிருந்து பார்க்கையில் வலப்பக்கத் துளை, மின்னைக் கொண்டுவரும் உயிர்க்கம்பிக்கு உரியது. அங்கே திருகாணி தளர்ந்தோ, கடற்காற்றின் உப்பால் செம்பு பாசி பிடித்தோ இருந்தால் அந்த இடத்தில் தடை கூடும். 2000 வாற்று கேத்தல் 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும். தொடுகையின் தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலே, அந்தச் சிறு புள்ளியில் 8 வாற்று வெப்பம் இடைவிடாது பிறக்கும். முள்ளைப் பிடிக்கும் உள்தகடு தளர்ந்திருந்தாலும் இதுவே நிகழும்.

நீங்கள் மாற்றலாம், ஆனால் பிரதான ஆளியை (மெயின் சுவிட்ச்சை) அணைத்து, அதை யாரும் மீண்டும் போடாதபடி வீட்டாரிடம் சொல்லிவைத்த பின்னரே பொயின்ற்றின் பெட்டியைத் திறக்க வேண்டும். வீட்டில் இன்வேட்டரோ ஜெனரேற்றரோ இருந்தால் அதையும் துண்டியுங்கள். ரெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்து, பின் துண்டித்த கம்பிகள் ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். எரியாத ரெஸ்டர் பழுதான ரெஸ்டராகவும் இருக்கலாம்.

சிவப்பும் மண்ணிறமும் உயிர்க்கம்பிகள். கறுப்பும் நீலமும் மின் திரும்பிச் செல்லும் நொதுமல் கம்பிகள். பச்சையும் பச்சை-மஞ்சளும் கசியும் மின்னை நிலத்துக்கு இறக்கும் புவிக்கம்பிகள். மும்முனை (திரீ ஃபேஸ்) இணைப்புள்ள வீட்டில் புதிய முறைப்படி கறுப்பு உயிர்க்கம்பியாகவும் வரக்கூடும் என்பதால், அங்கே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பொயின்ற்றின் பின்புறத்தில் இடமும் வலமும் மாறித் தெரியும். எனவே அதில் பொறித்துள்ள எல், என், ஈ என்ற எழுத்துகளைப் பார்த்தே முறையே உயிர், நொதுமல், புவிக் கம்பிகளைப் பூட்டுங்கள். கறுத்த செம்பை வெட்டி நீக்கி, பளபளக்கும் செம்பு தெரியும்படி உறையைச் சீவி, திருகாணித் துளைக்கு வெளியே வெறுங்கம்பி தெரியாமல் நுழைத்து இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். உறை கருகி நொறுங்கினாலோ, பொயின்ற்றுக்கு 7/0.67 கம்பிக்குப் (0.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகள்) பதிலாக விளக்குக்கு உரிய மெல்லிய 1/1.13 கம்பி (1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றை இழை) வந்திருந்தாலோ, அத்துடன் நிறுத்திவிட்டுத் தகுதி பெற்ற மின்னியலாளரை அழையுங்கள்.

புவிக்கம்பியைத் தேவையற்றதென விட்டுவிடுவது எனக்கு மிகுந்த கவலை தரும் வழக்கம். கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்தில் கரையோர மணல் வறண்டு, புவித்தொடர்பு பலவீனமாகும் நம் பகுதியில், புவிக்கம்பியோடு, மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்சும் இன்றியமையாதது. அதன் சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: சுவிட்ச்சை அணைத்த பின்னும் எல்ஈடி மின்குமிழ் மங்கலாக மினுங்குகிறது. அதைக் கழற்றும்போது என் கை அதிர்ந்தது. காரணம் என்ன? (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: மினுங்கல் மட்டுமெனில், சுவிட்ச்சிலுள்ள சிறு நியோன் விளக்கோ அருகருகே ஓடும் கம்பிகளோ காரணமாக இருக்கலாம். கையும் அதிர்ந்திருப்பதால், சுவிட்ச் உயிர்க்கம்பியில் அல்லாமல் நொதுமல் கம்பியில் பூட்டப்பட்டிருக்கிறது என்றே ஐயுறுகிறேன். அவ்வாறாயின் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ற் நின்றுகொண்டேயிருக்கும். இந்த மாறாட்டம் அந்தச் சுவிட்ச்சில் மட்டுமா, வீடு முழுவதிலுமா என்பதை மின்னியலாளர் அளந்து பார்க்க வேண்டும். வீடு முழுவதிலும் மாறியிருந்தால், ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும் சிறு பிறேக்கரை இறக்கினாலும் ஆபத்து நீங்காது. அதுவரை, இரு கம்பிகளையும் துண்டிக்கும் பிரதான ஆளியை அணைத்த பின்னரே மின்குமிழைத் தொடுங்கள்.